ஃபோம் வாள் செய்ய எதை வாங்குவது?

தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த வேலை வந்துவிடும். டிசம்பரில் கோலாலம்பூரில் காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் காமிக் ஃபியஸ்டா. 2002-இல் தொடங்கிய விழா அது. காஸ்பிளே, அதாவது கதைப் பாத்திரங்களின் வேடம், போடுகிறவர்களுக்கு ஆண்டின் பெரிய நாள். உடையைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. அம்மா தைத்துக் கொடுப்பார், இல்லாவிட்டால் டௌனில் தையல் கடை இருக்கிறது. கையில் பிடிக்கும் வாளுக்கும் கோடரிக்கும்தான் ஓடி வருவார்கள். "அக்கா, எந்த ஃபோம் வாங்கணும்?"

இந்தக் கேள்விக்குக் காணொளிகளில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளிலிருந்து வருபவை. அங்கே கடையில் அலமாரி நிறைய வகை வகையாக இருக்கும், காற்றும் காய்ந்திருக்கும். நமக்கு இருப்பது ஹார்ட்வேர் கடை, மிஸ்டர் டிஐஒய் மாதிரி ஒரு கடை, கைப்பேசியில் ஷாப்பி, அப்புறம் பிற்பகல் மழை. இவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாளின் உடம்புக்கு ஊரில் கிடைக்கும் தரைப்பாய் போதும். மேல் வேலைப்பாட்டுக்கு மட்டும் மெல்லிய ஃபோம் தாளை வரவழையுங்கள். மிச்சமாகும் பணத்தைப் பசைக்கும் கத்திக்கும் செலவழியுங்கள். நல்ல ஃபோமை மோசமான பசையால் ஒட்டிய வாள் மண்டபத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வாய் பிளந்துவிடும். சுமாரான ஃபோமை நன்றாக வெட்டி நன்றாக ஒட்டிய வாள் அடுத்த ஆண்டுக்கும் இருக்கும்.

பேச்சுக்கு ஒரு வாளை எடுத்துக்கொள்வோம். 140 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் ஃபோம் இரண்டு அடுக்கு. கன அளவு ஏறத்தாழ 4,000 கன சென்டிமீட்டர் வரும். ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள கெட்டியான ஃபோமில் செய்தால்கூட 400 கிராம்தான். அதே அளவை 600 கிலோ அடர்த்தியுள்ள மரத்தில் செய்தால் 2.4 கிலோ. நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நின்று படம் எடுக்கக் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு இந்த வித்தியாசம் மாலை நாலு மணிக்குத் தோளில் தெரியும். அதனால் மரப்பலகையை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை.

தரைப்பாயா, வரவழைத்த தாளா?

குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும், ஓரத்தில் பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் பாய் எல்லாருக்கும் தெரியும். அது பெரும்பாலும் ஈவிஏ என்ற, ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக் ஃபோம். நாம் காலில் போடும் சிலிப்பரின் அடிப்பாகமும் அதே குடும்பம். 60-க்கு 60 சென்டிமீட்டர், 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனத்தில் கிடைப்பதை வாங்குங்கள். 30-க்கு 30 அளவில் வரும் சின்னப் பாய்கள் வேண்டாம். வாளில் ஒட்டு அதிகமாகிவிடும். எழுத்தும் படமும் வெட்டி எடுக்கும்படி வரும் பாய்களும் இதற்கு ஆகாது.

இதன் பெரிய வசதி, வாங்குவதற்கு முன் தொட்டுப் பார்க்கலாம் என்பதுதான். கட்டை விரலால் நன்றாக அழுத்துங்கள். விரலை எடுத்ததும் பள்ளம் உடனே மேலே வந்தால் நல்ல பாய். பஞ்சு மாதிரி உள்ளே போய், மெதுவாக எழுந்து வந்தால் அடர்த்தி குறைவு. அதில் கூரான ஓரம் நிற்காது, மணல்தாள் போட்டால் பிய்ந்து வரும். பிறகு வெட்டுப்பட்ட ஓரத்தைப் பாருங்கள். துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக, ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே விலையில் இருக்கும் இரண்டு நிறப் பாய்கள்கூட இந்தச் சோதனையில் வேறு வேறாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நிறத்தைப் பார்க்காமல் விரலை நம்புங்கள். எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான் போகிறோம்.

மணத்தையும் கவனியுங்கள். இந்த வகைப் பாய்களில் ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் இருப்பதைக் காரணம் காட்டி 2010 டிசம்பரில் பெல்ஜியம் அவற்றைக் கடைகளிலிருந்து எடுக்க வைத்தது. கடுமையாக நாற்றமடிக்கும் பாயை வாங்காதீர்கள். லேசாக மணந்தால், உறையைப் பிரித்து இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாடப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

குறைகள் இரண்டு. ஒரு பக்கம் வரி வரியாக இருக்கும். அதை உள்பக்கமாக வைத்தால் கண்ணுக்கு மறையும், ஆனால் பள்ளமான இடங்களில் பசை தொடாது. மணல்தாளால் வரிகளைத் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும். இரண்டாவது குறை நீளம். பல்லை வெட்டியெறிந்தால் ஒரு பாயில் 55 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்காது. 140 சென்டிமீட்டர் வாளில் அடுக்குக்கு இரண்டு ஒட்டு வரும். மேல் அடுக்கின் ஒட்டும் கீழ் அடுக்கின் ஒட்டும் ஒரே இடத்தில் விழாமல் குறைந்தது ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். அப்படிச் செய்தால் வலு குறையாது. கோடு லேசாகத் தெரியும், அவ்வளவுதான்.

வரவழைக்கும் தாள்கள் 2, 5, 10 மில்லிமீட்டர் என்று பல கனங்களில் வரும். இரண்டு பக்கமும் வழுவழுப்பு. அடர்த்தி அதிகம் என்பதால் 45 பாகையில் சரித்து வெட்டிய ஓரம் கோடு போட்ட மாதிரி நிற்கும். கையில் எடுத்ததும் ஆசை வரும், மறுக்க மாட்டேன். ஆனால் கனமான தாளைச் சுருட்டித்தான் அனுப்புவார்கள். பிரித்துச் சமமான தரையில் போட்டு, மேலே பாரம் வைத்து ஓரிரு நாள் விட வேண்டும். சுருளிலேயே மடிப்பு விழுந்திருந்தால் அது முழுதாகப் போகாது. ஃபோம் எடை குறைவென்றாலும் இடத்தை அடைக்கும் பொருள். கூரியர்காரர்கள் அளவைக் கணக்கிட்டுக் காசு கேட்பார்கள். 'ஹை டென்சிட்டி' என்று படத்தின் மேல் எழுதியிருப்பதை விரலால் அழுத்திப் பார்க்கவும் வழியில்லை.

2 மில்லிமீட்டர் தாளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சின்ன சுருள், குறைந்த அனுப்புச் செலவு. வாளின் பிடிக்கு மேலே வரும் கொடிவேலை, நடுவில் ஓடும் வரி, ஆணித்தலை மாதிரி வட்டங்கள், பிடியைச் சுற்றும் தோல்பட்டை எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். 12 மில்லிமீட்டர் பாயை மெல்லியதாகச் சீவி இதே வேலையைச் செய்ய முயல்வது நேரத்துக்குக் கேடு. முழுக்க முழுக்க வரவழைத்த தாளில் செய்வதற்கு நியாயம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: வேலைப்பாடு எதுவும் இல்லாத, கண்ணாடி மாதிரி வழுவழுப்பான, மிக அகலமான அலகு. அதில் ஒட்டுக் கோட்டை மறைக்க எதுவும் இருக்காது.

யோகா பாயையும், நீச்சல் குளத்தில் மிதக்க வைக்கும் குழாயையும் கேட்பவர்கள் உண்டு. யோகா பாய் வளைந்து தொங்கும். மிதவைக் குழாய் பாலிஎதிலீன். பசையும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. இரண்டும் வேண்டாம்.

போலிஸ்திரின் எப்போது சரி?

கோயில் திருவிழாவுக்கும் காவடிக்கும் அலங்காரம் செய்கிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். போலிஸ்திரினை, அதாவது டிவி பெட்டிக்குள் வரும் அந்த வெள்ளைப் பொருளை, வெட்டிச் செதுக்கி மயில் கழுத்து வளைவைக் கொண்டுவரும் கைகள் அவை. அவர்களிடம் கேட்டால் போலிஸ்திரினைத்தான் சொல்வார்கள், பருத்த வடிவம் என்றால் அவர்கள் சொல்வது சரி. பெரிய சுத்தியல் தலை, கதாயுதம், பூதத்தின் மண்டை ஓடு பதித்த கோல் போன்றவற்றை ஃபோம் பாயை அடுக்கி அடுக்கிச் செய்தால் பணமும் போகும், எடையும் ஏறும். உள்ளே போலிஸ்திரின், மேலே 5 மில்லிமீட்டர் ஈவிஏ தோல் என்பதுதான் அங்கே நல்ல முடிவு.

தட்டையான வாளுக்கு அது ஆகாது. மெல்லிய போலிஸ்திரின் ஒரு தட்டில் உடையும். அதைவிட முக்கியமான ஒன்று: கான்டாக்ட் பசையில் இருக்கும் கரைப்பானும் ஸ்ப்ரே பெயின்டும் போலிஸ்திரினைக் கரைத்துவிடும். உருகி உள்ளே குழி விழுந்துவிடும். அதனால் முதலில் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையைத் தாளோடு சேர்த்து இரண்டு மூன்று சுற்றுப் பூசிக் காயவிட்டு, முழுக்க மூடிய பிறகே மற்றதை அண்ட விட வேண்டும்.

பசையில்தான் வாளின் ஆயுள்

மூன்று பசை பேச்சில் வரும். சூட்டுப் பசைத் துப்பாக்கி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, நொடியில் பிடிக்கும். அதற்காகவே பிள்ளைகளுக்கு அதன் மேல் ஆசை. ஒட்டிய இடம் தடித்துக் கோடாகத் தெரியும், சூடு பட்டால் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த வாள் ஒரு பக்கம் திறந்துகொண்டு கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சூப்பர் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். வளையும் ஃபோமில் அது வெடிக்கும். சின்னச் சின்ன அலங்காரத்துக்கும் விழா நாளில் அவசரத்துக்கும் மட்டும் அது.

உடம்பை ஒட்ட கான்டாக்ட் பசைதான். செருப்பு தைப்பவர் பயன்படுத்தும் அதே மஞ்சள் பசை. ஹார்ட்வேர் கடை முதலாளியிடம் செருப்பு ஒட்டும் பசை என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, டின்னில் எழுதியிருக்கும் நேரம் வரை காயவிட வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருக்கும், ஆனால் விரலில் பசை வராது. அந்தப் பதத்தில் சேர்த்து அழுத்தினால் அதே நொடியில் பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. அதனால் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போங்கள், அல்லது இடையில் மெழுகுத்தாள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுங்கள்.

இங்கேதான் நம் ஊர் மழை குறுக்கே வருகிறது. பசையின் கரைப்பான் ஆவியாகும்போது அந்த மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் குளிர்ந்த பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு நீர் படியும். பசை மங்கி வெளிறும். பார்ப்பதற்குக் காய்ந்தது போலவே இருக்கும், ஆனால் சேர்த்தால் பிடிக்காது, பிடித்தாலும் சில நாளில் உரியும். பேராக்கில் அக்டோபரும் நவம்பரும் பிற்பகல் இடிமழைக் காலம். டிசம்பர் விழாவுக்கு வேலை செய்கிற மாதங்களும் அவையே. ஒட்டும் வேலையைக் காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வானம் கறுத்தால் டின்னை மூடிவிட்டு வெட்டும் வேலைக்குப் போய்விடுங்கள். என்ன விலை கொடுத்து ஃபோம் வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் தப்ப முடியாது.

இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். பலவற்றில் டொலுவீன் என்ற நச்சுக் கரைப்பான் இருக்கிறது. வீட்டுக்குள் செய்யாதீர்கள், வீட்டு முன்புற அஞ்சடியில் காற்றோட்டத்தில் செய்யுங்கள். சாமி விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. ஈரப்பசையைச் சீக்கிரம் காய வைக்க, சூடான காற்றடிக்கும் ஹீட் கன்னைக் காட்டவே கூடாது. மருந்துக்கடையில் வாங்கும் சாதாரண முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கென்று வடிகட்டி வைத்த முகமூடி ஹார்ட்வேர் கடையில் இருக்கும். சின்னத் தம்பி தங்கைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் செய்வதாக இருந்தால் இந்தப் பகுதியை மட்டும் பெரியவர் யாராவது செய்து கொடுப்பதுதான் முறை.

கத்தி

எங்கள் பெரியப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் மரத்தில் பட்டையை ஒரே ஆழத்தில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புண் வந்து முண்டு விழும். தெருப் பிள்ளை ஒருத்தி ஃபோமை ரம்பம் போட்டு அறுப்பது மாதிரி முன்னும் பின்னும் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அமுக்காத மா. கத்தி சுணையா இருந்தா அதுவே போகும். நீ இழு, போதும்." பிறகு சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, அவள் வைத்திருந்த கட்டர் கத்தி அலகை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்துக் கொடுத்தார். அதற்கப்புறம் வெட்டிய ஓரம் ரிப்பன் மாதிரி வழுவழுப்பாக வந்தது.

18 மில்லிமீட்டர் அகல அலகுள்ள கட்டர் கத்தியும், ஒரு பெட்டி மாற்று அலகும் வாங்குங்கள். ஃபோம் மென்மையானதுதான், ஆனாலும் அலகை ஆச்சரியப்படும் வேகத்தில் மழுக்கிவிடும். மழுங்கிய அலகு ஓரத்தைப் பிய்க்கும். பிய்ந்த ஓரம் சரியாகச் சேராது. சேராத ஓரத்தில் பசை நிற்காது. மணல்தாள் போடும்போது வரும் தூள் மிக நுண்மையானது. அதற்குத் தூசிக் கவசம் தேவை.

உள்ளே என்ன வைப்பது?

140 சென்டிமீட்டர் ஃபோம் தானாக நிற்காது, தலை தொங்கும். மின்கம்பி ஓட்டும் வெள்ளை பிவிசி குழாய் 20 மில்லிமீட்டரில் எங்கும் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு அடுக்கும் சேர்ந்து 24, குழாய் 20. மேலும் கீழும் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம். குழாயின் கோடு தோலில் புடைத்துத் தெரியும். அந்தப் புடைப்பையே வாளின் நடுமேடாக வைத்து வரைபடத்தை மாற்றிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான். மேலே 2 மில்லிமீட்டர் தாளில் ஒரு பட்டை ஒட்டிவிட்டால் அழகாகவே இருக்கும். மெல்லிய கத்தி வேண்டுமென்றால் 8 மில்லிமீட்டர் ஃபைபர்கிளாஸ் கம்பு. மூங்கில் இலவசம், எடை குறைவு, விறைப்பாகவும் நிற்கும். ஆனால் பதப்படுத்தாத மூங்கிலை வண்டு துளைக்கும், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. இரும்புக் கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். கூட்டத்தில் யார் மேலாவது பட்டால் ஃபோமுக்குள் இருக்கும் இரும்பும் இரும்புதான், வாசலில் சோதிப்பவர்களும் விட மாட்டார்கள்.

மேல்பூச்சு

பூசுவதற்கு முன் ஹீட் கன்னை ஓரடி தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஃபோம் முழுக்க ஓட்டுங்கள். மேல் துளைகள் மூடி லேசாகப் பளபளப்பு வரும். இது செய்யாவிட்டால் எந்தப் பூச்சையும் ஃபோம் குடித்துக்கொண்டே இருக்கும்.

பிறகு மூடுபூச்சு. பிளாஸ்டி டிப் ஸ்ப்ரே ரப்பர் மாதிரித் தோல் தரும், ஆனால் ஒரு பெரிய வாளுக்கு ஒரு டப்பா போதாது, விலையும் ஏறும். மரவேலை வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பல சுற்று அடிப்பது மலிவு. ஈரக்காற்றில் ஒவ்வொரு சுற்றும் காய நேரமெடுக்கும், வியர்த்த கை தொடும் பிடியில் பிசுபிசுக்கும். கூரை ஒழுகாமல் அடிக்கும் அக்ரிலிக் பூச்சை நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். வெயிலில் விரியும் கூரைக்காகவே செய்தது என்பதால் வளைந்தாலும் வெடிக்காது, தண்ணீருக்கும் அசையாது. சின்ன டின் வாங்கி மெல்லியதாக இரண்டு மூன்று சுற்று, நடுவில் நுண்மையான மணல்தாள். மேலே சாதாரண அக்ரிலிக் பெயின்ட்.

தோட்டத்துப் பக்கம் இருப்பதால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: மரத்துப் பாலையே பூசினால் என்ன? கேள்வி நியாயமானது. மோதி விளையாடும் ஃபோம் ஆயுதங்களுக்கு லேடெக்ஸ் பூசுவது வழக்கம்தான். ஆனால் மரத்திலிருந்து இறக்கிய பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மற்றது பெரும்பாலும் தண்ணீர். அம்மோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். உறையாமல் பூசிக் காயவைத்தாலும், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத ரப்பர் தோல் பிசுபிசுப்பாகவே இருக்கும்; தூசி அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். பதப்படுத்திய லேடெக்ஸ் கலைப்பொருள் கடைகளில் தனியாக விற்கிறது. அதற்கு நிறத்தையும் லேடெக்ஸோடு கலந்தே பூச வேண்டும். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். படம் எடுக்க மட்டும் வைத்திருக்கும் வாளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

கொண்டுபோவது

சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் போகிறவர்கள் வாளை இரண்டாகப் பிரிக்கும்படி தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். ஒட்டி முடித்த பிறகு வெட்ட முடியாது. பிடிக்கும் அலகுக்கும் நடுவில், குறுக்குக் கட்டைக்குள் இணைப்பு வரட்டும். 20 மில்லிமீட்டர் குழாய்க்கு உள்ளே சரியாக நுழையும் மரக்கம்பை ஒரு பக்கம் நிலையாக ஒட்டி, மறுபக்கம் செருகிக் கழற்றும்படி விடுங்கள். அலகு மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் வந்தால் அதிலும் ஓர் இணைப்பு வைக்கலாம், ஆனால் அங்கே கோடு தெரியும். எனக்குக் கேட்டால், வாளையே 120 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்வது நல்லது. காரில் போனாலும் கண்ணாடிக்குக் கீழே வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். ஃபோம் இளகி வளையும்.

ரயில் நிலையத்திலும் தெருவிலும் துணிப்பையில் மூடியே எடுத்துப் போங்கள். பொது இடத்தில் ஆயுதம் கொண்டுபோவதற்கு எதிராக 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; வெள்ளிப் பெயின்ட் அடித்த வாள் தூரத்திலிருந்து பார்க்கிற போலீஸ்காரருக்கு ஃபோம் என்று தெரியாது. துப்பாக்கி வடிவம் செய்ய நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1960 ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் தொடுகிறது. நிஜத் துப்பாக்கியின் அளவிலும் கறுப்பு நிறத்திலும் செய்யவே வேண்டாம். அந்தக் கதாபாத்திரத்துக்குக் கத்தியோ கோலோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; இல்லையென்றால் விழா நடத்துபவர்களின் விதிகளை, ஃபோம் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.